வாசலில் அடங்கிய கோளாம்பி

என் கணவர் இறந்த பிறகும் தினமும் காலையில் எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார். பயமுறுத்துவதற்காக இப்படித் தொடங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எண்பதுகளின் தொடக்கத்தில் மட்டாஞ்சேரியில் இருந்தவர்களைக் கேட்டால் அவர்களும் இதையேதான் சொல்வார்கள். கப்பற்படை ஏலத்தில் எடுத்த ஒரு பழைய மோட்டார் சைக்கிள். பக்கத்தில் ஆள் உட்காரும் தொட்டி இருந்த இடத்தில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் லாரி பேட்டரி, ஆம்ப்ளிபயர், டேப் ரிக்கார்டர். மேலே கம்பி நட்டு, முன்னால் பார்த்து ஒரு கோளாம்பி, பின்னால் பார்த்து ஒரு கோளாம்பி. குழாய் ஒலிபெருக்கிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். வெற்றிலை துப்புகிற கோளாம்பியைப் போலவே அதுவும் வாயை அகலத் திறந்துகொண்டிருக்கும். அந்த இரண்டு வாயிலிருந்தும் வந்தது என் கணவரின் குரல். லாட்டரிச் சீட்டு விற்கும் குரல்.

"நாளையாணு, நாளையாணு, நாளையாணு! பாக்கியம் நிங்ஙளைத் தேடி வருந்நு! மறக்கருதே, நாளையாணு!"

பாக்கியம் தேடி வருகிறது, மறக்காதீர்கள், நாளைக்குத்தான் என்று அர்த்தம். எந்தக் கிழமை கேட்டாலும் நாளைதான். எங்கள் மாநிலச் சீட்டு, வெளி மாநிலச் சீட்டு என்று ஏதாவது ஒன்றுக்கு மறுநாள் குலுக்கல் இருந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரே கேசட்டை எல்லா நாளுக்கும் ஓட்டலாம் என்று சாமர்த்தியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். அவர் போன பிறகும் அந்த நாளை மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் மட்டாஞ்சேரி. மிளகு மண்டியில் வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தேன். தமிழை வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் பிடித்தேன். இப்போது எழுதும் இந்தத் தமிழில் எங்காவது மலையாளம் எட்டிப் பார்த்தால், அது வீட்டு ஆள் மாதிரி, துரத்த முடியாது.

எழுபதுகளின் நடுவில் எறணாகுளத்தில் வானொலிப் பெட்டி சேர்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எனக்கு வேலை. வயர்களை ஈயம் வைத்து ஒட்டுவது முழுக்கப் பெண்கள்தான். காலையில் படகு ஏறிப் போவேன், சாயங்காலம் படகு ஏறி வருவேன். அங்கேதான் அவர் ஒரு நாள் அந்த ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு வந்தார். எந்தப் பெரிய கம்பெனியும் செய்ததில்லை. யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து பொருத்தியது. ஸ்பீக்கர் மாட்ட ஒரே ஒரு ஜோடி முனை. பக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் 8 என்று எழுதியிருந்தது. அதைத் திறந்து சரி செய்தது நான். சரி செய்து முடிக்கும்வரை அவர் வாய் மூடவில்லை. சினிமா அறிவிப்பு, கட்சிக் கூட்டம், பெருநாள், மீன் ஏலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல் வைத்திருந்தார். அத்தனையையும் எனக்கு எடுத்துவிட்டார். கம்பெனியே சிரித்தது. பேசிப் பேசியே என்னைக் கவிழ்த்துவிட்டார் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொல்வேன்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு பேச்சும் தெருவுக்கு என்று. வீட்டில் ஆள் ஊமை. அதிலும் கோபம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தெருமுனையிலிருந்து யாரோடாவது சிரித்துப் பேசிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் நெருங்கி நெருங்கி வரும். வாசற்படியில் கால் வைத்ததும் பட்டென்று நின்றுவிடும். திட்டுகிற ஆளைத் திருப்பித் திட்டலாம். அடிக்கிற ஆளைக் கையைப் பிடித்து நிறுத்தலாம். பேசாதவரை என்ன செய்வது? "வாயைத் தொறந்தா முத்து உதுந்துருமா?" என்று கேட்பேன். தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்.

கடைசிச் சண்டை என் அண்ணனால் வந்தது. வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் நிரந்தர வேலை இருக்கிறது, மாப்பிள்ளையை வரச் சொல்லு என்று அண்ணன் சொல்லி அனுப்பினார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டு யாரிடம் பேசுவது என்பதுதான் அவர் கவலை. மழைக்காலத்தில் தொழில் படுத்துவிடும், வண்டி பாதி நாள் ஓடாது, இதெல்லாம் அவருக்குத் தெரியாதா? எனக்கு வந்த கோபத்தில், "அப்போ அந்தக் கோளாம்பியவே கட்டிக்கிட்டு அழுங்க" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் சொன்னது சரி என்றுதான் சொல்வேன். அவர் பேச்சை நிறுத்தினார். அந்த மௌனத்துக்கு நடுவில் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது நினைவு தப்பியிருந்தது. அப்படியே போய்விட்டார்.

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மனிதன் போகலாமா? அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வந்தவர்கள் எல்லாம் என்னைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டியில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இவர் பேச, அவர் ஓட்டுவார். மலையாளி. நான் அவரைச் சேட்டா என்பேன், அவர் என்னைச் சேச்சி என்பார். யாருக்கு யார் மூத்தவர் என்று இரண்டு பேருமே கேட்டுக்கொண்டதில்லை. காரியமெல்லாம் முடிந்து அவர் வாசலில் வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"சேச்சி, அந்த கேசட்டு ஓட்டிக்கட்டே? வேண்டான்னா வேறெ ஆளை வெச்சுப் பதிவு செஞ்சுக்கலாம்."

"ஓட்டுங்க" என்றேன். அவருக்கும் வயிறு இருக்கிறது என்பதற்காக அப்படிச் சொன்னதாக எல்லோரிடமும் சொன்னேன். உண்மை வேறு. அந்தக் குரலை அழித்துவிட்டு வேறு குரலைப் போடுவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் காலையில் வந்தது. தெருமுனை திரும்பியது, நெருங்கியது, எங்கள் வாசலுக்கு வந்தது. படியில் நிற்கவில்லை. அதே கனத்தோடு, அதே சிரிப்போடு, "மறக்கருதே!" என்று வீட்டுக்குள் நுழைந்தது. அலமாரியில் தம்ளர்கள் அதிர்ந்தன. நான் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பேசிவிட்டார் என்று தோன்றியது. லாட்டரியைப் பற்றித்தான் என்றாலும் என் வாசலில் பேசிவிட்டார். சண்டை தீர்ந்தது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். மறுபடியும் கம்பெனி வேலைக்குப் போனேன். காலையில் அந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் படகுத்துறைக்குக் கிளம்புவேன்.

கோளாம்பிக்கு உள்ளே, அதன் கழுத்தில், யூனிட் என்று ஒன்று இருக்கும். சத்தத்தை உண்டாக்குவது அதுதான். வெளியே தெரிகிற அகன்ற வாய் வெறும் தகரம். அடுத்த மழைக்காலத்தில் இரண்டு யூனிட்டும் போயின. ஒருபக்கம் மழை, இன்னொரு பக்கம் உப்புக்காற்று. எங்கள் ஊரில் பூட்டே அழுகிப்போகும், யூனிட் எம்மாத்திரம். சேட்டன் எறணாகுளத்துக்குப் போய்ப் புதிதாக இரண்டு வாங்கி வந்து மாட்டினார்.

அன்றைக்கு வந்த குரலைக் கேட்டு நான் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். குரல் கரகரத்தது. ஒவ்வொரு சொல்லின் நுனியும் கிழிந்து தொங்கியது. காய்ச்சலில் முனகினாரே, அதே தொண்டை. "நாளை" என்று தொடங்கி முடிக்க முடியாமல் இழுத்தது, பிறகு நின்றேவிட்டது. சேட்டன் வண்டியை ஓரங்கட்டிப் பெட்டியைத் திறந்தார். ஆம்ப்ளிபயரின் மேல் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு.

"எத்தனை ஓம் யூனிட் வாங்குனீங்க சேட்டா?"

"ஓமா? கடையில வெச்சுக் கேட்டப்போ நல்ல ஒச்சை இருந்நு சேச்சி. எடுத்துட்டு வந்நேன்."

புரட்டிப் பார்த்தேன். ஓம் என்பது மின்தடையின் அளவு. இரண்டிலும் எட்டு ஓம் என்று அச்சடித்திருந்தது. ஆம்ப்ளிபயரிலும் எட்டு என்றுதானே எழுதியிருக்கிறது, பொருத்தம்தானே என்று அவர் கேட்டார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு யூனிட்டைப் பக்கம் பக்கமாக ஒரே முனையில் கட்டினால் ஓம் பாதியாகிவிடும். எட்டும் எட்டும் சேர்ந்து நாலு. ஓம் குறையக் குறைய ஆம்ப்ளிபயருக்குப் பாரம் ஏறும். ஒரு மூட்டை தூக்குகிறவன் தலையில் இரண்டு மூட்டையை ஏற்றிய கதை. பழைய யூனிட் ஒவ்வொன்றும் பதினாறு. இரண்டும் சேர்ந்து சரியாக எட்டு. அதனால்தான் அத்தனை வருஷம் மூச்சுத் திணறாமல் ஓடியது.

புது யூனிட் இரண்டையும் ஒன்றின் வாலில் இன்னொன்றாகக் கட்டிப் பார்த்தேன். ஓம் கூடியது, சூடு இறங்கியது, குரலும் இறங்கிவிட்டது. பஜார் ரோட்டு இரைச்சலில் பக்கத்துக் கடைக்காரருக்கே கேட்கவில்லை என்றார் சேட்டன். ஆக, பதினாறு ஓம் யூனிட் இரண்டு வேண்டும். எறணாகுளத்தில் நான் அலைந்ததில் ஒன்றுதான் கிடைத்தது. இன்னொன்றைச் சேட்டன் மட்டாஞ்சேரியிலேயே பிடித்தார். வெலிங்டன் தீவுக்கு வரும் கப்பல்களிலிருந்து கழித்துப்போட்ட சாமான் விற்கும் கடை அது. ஏதோ கப்பலில் மாலுமிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த யூனிட். உடம்பு முழுக்கச் சாம்பல் பெயிண்ட், முனைகளின் அடையாளம்கூடப் பெயிண்டுக்கு அடியில் போயிருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தேன், பதினாறுதான். எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மாட்டியது சேட்டன். நான் வேலை விட்டு வரும்போது படகுத்துறை பக்கத்தில் வண்டியை நிறுத்திக் காட்டினார். முன் கோளாம்பிக்கு எதிரே நின்று கேட்டேன், கணீரென்று இருந்தது. கேசட்டை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பின்னால் போய், மறுபடி ஓட்டச் சொல்லிக் கேட்டேன், அதுவும் கணீர். எல்லாம் நிறுத்திய பிறகு ஆம்ப்ளிபயரைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. கோளாம்பியைச் சோதிக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் அதன் வாய்க்கு எதிரே போய் நிற்பார்கள். நானும் நின்றேன்.

மறுநாள் காலையில் தெருமுனையில் குரல் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பழைய யூனிட்டைவிடச் சுத்தமாக இருந்தது. ஈரக் கையோடு வாசலுக்கு வந்து நின்றேன். நெருங்கி வந்தது. இன்னும் நெருங்கியது. வண்டி என் வாசலுக்கு நேரே வந்தபோது குரல் அடங்கிவிட்டது. முழுக்க இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுக்கிற மாதிரி ஒரு நூல் மட்டும் மிச்சமிருந்தது. மற்றபடி எஞ்சின் சத்தம்தான். வண்டி வீட்டைத் தாண்டியதும் மறுபடியும் முழுத் தொண்டையில் எழுந்து தெருவின் அடுத்த முனைக்குப் போனது.

தெருமுனையிலிருந்து சத்தமாக வந்து, வாசற்படியில் பட்டென்று நிறுத்துகிற ஆளை எனக்குத் தெரியும். அந்த மௌனத்தோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். ஜன்னலில் நின்று பார்த்தேன், படியில் இறங்கி நின்று பார்த்தேன். வருகிறபோது உண்டு, போகிறபோது உண்டு, என் எதிரே வரும்போது மட்டும் இல்லை. பேய் பிசாசை நான் நம்புகிறவள் இல்லை. பள்ளிவாசல் குளத்தில் ஆவி இருக்கிறது என்று கூட வேலை செய்தவள் சொன்னபோது சிரித்தவள். ஆனால் இது பேய் இல்லை, என் புருஷன். அவர் குணம் இது. கொஞ்ச நாள் பேசிப் பார்த்தார், பழைய கோபம் ஆறவில்லை, மறுபடியும் நிறுத்திவிட்டார். வேறு எப்படி நினைப்பது?

சேட்டனை வழிமறித்துக் கேட்டேன். "என் வீட்டு முன்னால வரும்போது சத்தத்தக் கொறைக்கறீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "இல்லா சேச்சி! சத்தியம். ரெண்டு கையும் ஹாண்டில்ல இருக்கும்போ ஞான் எங்ஙன குறைக்கும்?" பிறகு என்னைச் சமாதானப்படுத்த நினைத்தாரோ என்னவோ, "இப்போ வண்டி ஓட்டறது நல்ல சுகமாணு. முன்னெல்லாம் இவன்ற ஒச்சையில காது வேதனிக்கும். இப்போ ஒண்ணும் இல்லா" என்றார். கிளம்பும்போது எங்கள் வாசலை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவர் காது வலிக்காமல் போனதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை. எனக்கு என் கவலை.

வீட்டில் தனியாக இருக்கவே பிடிக்கவில்லை. அவர் உட்கார்ந்து சாப்பிட்ட பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன். காலையில் குரல் நெருங்கும்போது அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். இன்றைக்காவது பேசுவார் என்று நின்று, பேசாமல் போனதும் வெறிபிடித்த மாதிரி ஆகிவிடும். எதிலும் கை ஓடவில்லை. கம்பெனியில் ஈயத்தை இடம் மாற்றி வைத்து ஏச்சு வாங்கினேன். ஒரு நாள் பொறுக்க முடியாமல், வண்டி எதிரே போகும்போது தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.

"பேசாட்டிப் போங்க! செத்தும் வீம்பா? யாருக்கு வேணும் உங்க பேச்சு!"

பக்கத்து வீட்டில் ஒரு கொங்கணிக்காரி இருந்தாள். பப்படம் போட்டு விற்கிறவள், என் வயதுதான். மாவுக் கையோடு வெளியே வந்தாள். என்னைக் கண்டிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சேச்சியோடும் மிண்டறதில்லையோ?"

"உங்கிட்டயுமா?"

"என்ற வாதில்ல எத்தினதும் வாயை மூடிக்கும். நான் யார்கிட்டயும் சொல்லலை. ஒரு தவணை வெயில்ல உணங்கப் போட்ட பப்படத்து மேல வண்டி கேறிடுச்சு. ஓட்டினவனை விட்டுட்டு நான் உங்க ஆளை நல்லா ஏசிட்டேன், அவன் ஒண்ணும் பறையாமப் போயிட்டான். அந்த தேஷ்யம் இப்பவும் வெச்சிருக்கான்னு நினைச்சேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. அவள்மேல் தனியாக ஒரு கோபமா? அவள்மேல் எதற்கு?

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. வண்டி வந்ததும் அதன் கூடவே நடந்தேன். சேட்டன் ஒன்றும் கேட்காமல் மெதுவாக ஓட்டினார். தகரப் பெட்டியை ஒட்டி நடக்கும்போது எனக்குக் குரலே இல்லை, அந்த முணுமுணுப்பு மட்டும்தான். ஆனால் முன்னால் தெருவின் கோடியில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் குழந்தைகள், "நாளையாணு" என்று கூடவே கத்தின. எட்டி நடந்து வண்டிக்கு முன்னால் போனேன், காது கிழிந்தது. நின்று பின்தங்கினேன், மறுபடியும் கிழிந்தது. பக்கத்தில் வந்தேன், இல்லை. எங்கள் தெரு, அடுத்த தெரு, பஜார் ரோட்டு மண்டிகள் என்று அவர் எந்த வாசலையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் அடங்கினார். சீட்டு வாங்க வந்த ஒரு கிழவர், "நம்மளைக் கண்டா இவன் சுருதி இறங்ஙிப் போவும்" என்று வருத்தமாகச் சொன்னார். எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு காரணம் இருந்தது. யாரும் பக்கத்து வீட்டில் கேட்கவில்லை.

அப்போதுதான் சேட்டனைப் பார்த்தேன். அவர் இரண்டு கோளாம்பிக்கும் நடுவாகத்தானே உட்கார்ந்திருக்கிறார். காது வலிக்கவில்லை என்றாரே. எனக்குச் சுரீரென்றது.

விஷயம் இவ்வளவுதான். யூனிட்டுக்குள் ஒரு தகடு முன்னும் பின்னும் துடிக்கும். இரண்டு யூனிட்டும் ஒரே நேரத்தில் முன்னால் தள்ள வேண்டும். அடையாளம் இல்லாத கப்பல் யூனிட்டில் வயர் இரண்டும் இடம் மாறிவிட்டது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. எதிரே நிற்கிறவனுக்கு ஒரு கோளாம்பிதான் முக்கியம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. இரண்டிலிருந்தும் ஒரே தூரத்தில், பக்கவாட்டில் நிற்கிறவனிடம் வந்து சேரும்போது இரண்டு சத்தமும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். தெருவில் வாசல்கள் எல்லாம் பக்கவாட்டில்தானே இருக்கின்றன.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். என்மேல் கோபம் இல்லை, யார்மேலும் இல்லை, வயர்தான் மாறிக் கிடக்கிறது. நிம்மதி வரவில்லை, வயிறு எரிந்தது. கொங்கணிக்காரியிடமும் அந்தக் கிழவரிடமும் முகம் தெரியாத மண்டிக்காரர்களிடமும் அவர் அதே மௌனத்தைக் காட்டியிருக்கிறார் என்பதை என்னால் தாங்கவே முடியவில்லை. அந்த மௌனம் எனக்கானது என்று நினைத்துத்தானே இத்தனை நாள் வாசலில் நின்று செத்தேன்.

சரி செய்யாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் எந்த வீட்டுக்காரருக்கும் குரல் எட்டாவிட்டால் சீட்டு எப்படி விற்கும்? தவிர, மாற்றினால் மறுபடியும் என் வாசலில் பேசுவாரே என்ற ஆசையும் இருந்தது. வண்டியை மண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பின் கோளாம்பியின் கழுத்தைக் கழற்றி இரண்டு வயரையும் இடம் மாற்றி முறுக்கினேன். சேட்டன் கேசட்டை ஓட்டினார். பெட்டி பக்கத்தில் நின்றிருந்த என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சேட்டன் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ சேச்சி, இது பழைய அவன்தன்னை!"

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் படியில் கொங்கணிக்காரியும் நின்றிருந்தாள். அவளிடம் வயர் விவரமெல்லாம் சொல்லியிருந்தேன். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றிருந்தாள். நானும் ஒன்றும் குறைச்சல் இல்லை. அவரிடம் கேட்பதற்கு ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தேன். அவர் என் வாசலில் அடங்கிப் போன நாளெல்லாம் நெஞ்சுக்குள் புரண்டுகொண்டிருந்த கேள்வி.

குரல் முனை திரும்பியது. நெருங்கியது. இந்தத் தடவை படியில் நிற்கவில்லை. என் வாசலுக்கு நேரே, என் முகத்துக்கு நேரே, முழுத் தொண்டையில் சிரித்துக்கொண்டே வந்தது. "மறக்கருதே!" என்றது.

"கோபம் போச்சா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் கொங்கணிக்காரியின் வாசலுக்குப் போய், அதே சிரிப்போடு, அவளையும் மறக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.